ஈரக் காற்றில் இண்டிகா: ஒன்ராறியோவில் நான்கு செடிகள்

இண்டிகா வகைக் கஞ்சாவின் பூர்வீகம் இந்துகுஷ் மலைப்பக்கம். பூக்கும் பருவத்தில் அங்கே மழை மிகக் குறைவு, காற்று வறண்டது. செடி குள்ளமாக, இலை அகலமாக, பூ இறுக்கமாக அமைந்தது அந்த இடத்துக்கு ஏற்றபடி. அதே செடியை ஒன்ராறியோ ஏரிக் கரையில் வைத்தால் பூ கொழுக்கும் காலம் செப்ரெம்பரில் வந்து விழுகிறது. இரவில் குளிர்ந்து, விடியும்போது இலை முழுக்கப் பனி சொட்டுகிற மாதம். இறுக்கமான பூவுக்குள் போன ஈரம் மத்தியானமாகியும் வெளியே வராது. ரொறொன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கங்களில் இதை வளர்ப்பவர்கள் இழக்கும் விளைச்சலில் பெரும்பங்கு கடைசி மூன்று வாரத்தில் அழுகிப் போவதுதான். பசளை, விளக்கு, விதையின் பெயர் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். எந்த மாதத்தில் பூ பருக்கிறது, இரவு ஈரப்பதன் எவ்வளவு என்ற இரண்டு கேள்வியும் கடைசியில்தான் வரும். இங்கே அவற்றை முதலில் வைக்கிறேன்.

சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போவோம். கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் வயதுவந்தவர்கள் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். கணக்கு ஒரு குடியிருப்புக்கு நான்கு செடி. வீட்டில் ஆறு பெரியவர்கள் இருந்தாலும் நான்குதான். ஒன்ராறியோவில் வயது 19. விதையோ நாற்றோ அனுமதி பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தமும் கொண்டோ (அடுக்குமாடி வீடு) விதிகளும் தனியாகத் தடுக்கலாம். கியூபெக்கில் வீட்டு வளர்ப்புக்குத் தடை உண்டு. அந்தத் தடை செல்லும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் செடி வளர்த்தாலே பத்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். இலங்கையிலும் குற்றம். ஆகவே ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது செய்முறைக் குறிப்பு ஆகாது. இங்கிருந்து ஊருக்கு ஒரு விதைகூடக் கொண்டு போகக் கூடாது. எல்லை தாண்டினால் கனடியச் சட்டப்படியே குற்றம்.

விதைப் பையில் "இண்டிகா 80%" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பல தலைமுறை கலப்புக்குப் பிறகு இண்டிகா, சட்டிவா (கஞ்சாவின் மற்றப் பெரிய வகை) என்ற பெயர்கள் மரபணுவோடு சரியாகப் பொருந்துவதில்லை. பையில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூக்கத் தொடங்கியதிலிருந்து முதிர எத்தனை வாரம். ஏழு, எட்டு வாரம் நல்லது. ஒன்பதைத் தாண்டினால் ஒன்ராறியோ வெளித் தோட்டத்துக்கு வேண்டாம். மற்றது பூவின் அமைப்பு. படத்தில் கல்லுப்போல இறுகிய, முழங்கை நீளப் பெரிய பூ அழகாகத்தான் இருக்கும். ஈரக் காற்றில் முதலில் அழுகுவதும் அதுதான். சிறிய பூக்கள் இடைவெளி விட்டு அமையும் கலப்பினம் நிறையில் கொஞ்சம் குறைந்தாலும் கையில் வந்து சேரும். 'பூஞ்சணம் தாங்கும்' என்ற வாசகத்தை நான் பொருட்படுத்துவதில்லை. சில வகை மெதுவாக அழுகும். அழுகாத வகை என்று ஒன்று கிடையாது.

இனி நாட்காட்டி. சாதாரண வகை பகல் சுமார் பதினாலு, பதினாலரை மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கும்போது பூக்கத் தொடங்கும். ரொறொன்ரோவில் யூன் 21இல் பகல் ஏறத்தாழ 15 மணி 26 நிமிடம். ஓகஸ்ட் நடுப்பகுதியில் பதினாலுக்குச் சற்றுக் கீழே. அதனால் பூ ஓகஸ்ட் முதல் இரண்டு வாரத்தில் தொடங்கும். எட்டு வாரம் கூட்டினால் செப்ரெம்பர் கடைசி அல்லது ஒக்ரோபர் முதல் வாரம். மிக மோசமான கிழமைகளில் பூ மிகக் கொழுப்பாக நிற்கிறது என்று அர்த்தம்.

இதிலிருந்து தப்ப இரண்டு வழி உண்டு. முதலாவது, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயதைப் பார்த்துப் பூக்கும் தானியங்கி வகை. விதையிலிருந்து 70 முதல் 90 நாளில் முடிந்துவிடும். மே 24 நீண்ட வார இறுதியோடு உறைபனிப் பயம் போய்விடும்; அப்போது விதைத்தால் ஓகஸ்டில் கையில் இருக்கும். யூலை ஓகஸ்ட் காற்றும் ஈரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரவு சிறியது, சூரியன் சீக்கிரம் ஏறி ஒன்பது மணிக்குள் பனியை உலர்த்திவிடும். பூவை அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சணத்துக்குப் பிடித்தது 15 முதல் 23 பாகை. முப்பதைத் தாண்டும் பகல் அதற்கு ஒத்துவராது. இந்த வகையைச் சின்னச் சாடியில் முளைக்க வைத்துப் பிறகு மாற்றாதீர்கள். வேர் குலைந்து ஒரு வாரம் நின்றால் அந்த வாரம் திரும்பக் கிடைக்காது. கடைசிச் சாடியிலேயே விதையுங்கள்.

இரண்டாவது வழி, சாதாரண வகையை மூடி இருட்டாக்குவது. யூன் கடைசியிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு ஒளி புகாத விரிப்பால் செடியை மூடி, வெளியே முழு இருள் வந்ததும், பத்து மணியளவில், விரிப்பை எடுத்துவிட வேண்டும். ஆறு மணியிலிருந்து விடியும் வரை பதினொரு மணித்தியால இருட்டு கிடைக்கும், அது போதும். பலர் விரிப்பைக் காலை வரை விட்டுவிடுகிறார்கள். செடி விடும் ஈரம் முழுவதும் உள்ளே தங்கி, மூடியது எதற்கோ அதற்கே எதிராகப் போகிறது. விரிப்பு செடியைத் தொடாமல் நிற்க ஒரு சட்டமும் தேவை. ஒழுங்காகச் செய்தால் ஓகஸ்ட் கடைசியில் வெட்டலாம். நாள் தவறினால் செடி குழம்பி மறுபடி இலை விடப் பார்க்கும். வார இறுதியில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது.

சாடிக்குத் துணிச்சாடி நல்லது. தானியங்கிக்கு 20 லீற்றர், மற்றதற்கு 38 லீற்றர். கலவையில் தும்புச்சோறு அல்லது பீற் நான்கு பங்கு, பேர்லைற் (நீர் வடிய உதவும் இலேசான வெள்ளைக் கல்மணி) மூன்று பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு மூன்று பங்கு. பேர்லைற்றைக் குறைக்க வேண்டாம். பத்து நாள் விடாமல் மழை பெய்தால் வேரைக் காப்பாற்றுவது அதுதான். கலவையின் பி.எச். (அமில அளவு) 6.0 முதல் 6.8. மேல்மண் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் காய்ந்த பிறகு, காலையில் மட்டும் தண்ணீர். மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவுக் காற்றின் ஈரமாகிவிடும். பூ தொடங்கி இரண்டு வாரத்துக்குப் பிறகு நைதரசனைக் குறைத்துவிட வேண்டும். அளவு மீறினால் இலை கரும்பச்சையாகிப் பெருகும், திசு மென்மையாகும், பூஞ்சணத்துக்கு வழி திறக்கும். சாடிக்கும் சாடிக்கும் நடுவில் குறைந்தது 1.2 மீற்றர். வேலி ஓரமாக ஒட்டி வைப்பது அயலவர் கண்ணுக்கு நல்லது, காற்றுக்குக் கெட்டது.

கவ்வாத்தில் இண்டிகாவுக்குத் தனிக் கவனம் வேண்டும். கணுக்கள் நெருக்கமானவை, இலை அகலம், செடியின் நடு எப்போதும் இருட்டும் ஈரமும்தான். ஐந்தாவது கணு வந்ததும் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளை வளைத்துக் கட்டி விரிக்க வேண்டும். (தானியங்கியைக் கிள்ளாமல் வளைப்பதோடு நிறுத்துங்கள்.) பூ தொடங்கும்போது கீழ் மூன்றிலொரு பங்கைச் சுத்தமாக எடுத்துவிடலாம், அங்கே வரும் பூ சோளப்பொரி அளவைத் தாண்டாது. நடுவில் ஒன்றை ஒன்று மூடும் அகல இலைகளையும் கழியுங்கள், ஒரு தடவைக்கு ஐந்திலொரு பங்குக்கு மேல் வேண்டாம். பூத்து மூன்று வாரத்துக்குப் பிறகு பெரிய வெட்டு கூடாது. முறிந்த காம்பும் காய்ந்த இலைத் துண்டும்தான் சாம்பல் பூஞ்சணம் நுழையும் இடம்.

மழைக்கு மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நான்கு கம்பும் சரிவாக ஒரு ஒளிபுகும் பொலிகாபனேற் தகடும் போதும். இது பனியையும் பெருமளவு தடுக்கும்; திறந்த வானத்தின் கீழே இலை தன் சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்வதால்தான் பனி படிகிறது. நான்கு பக்கமும் பிளாஸ்ரிக் கட்டிப் பசுமைக்கூடம் செய்பவர்கள், விசிறி இல்லையென்றால், அழுகலுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். கூரையில்லாத செடியைக் காலையில் தண்டைப் பிடித்து மெல்லக் குலுக்கி ஈரத்தை உதிர்த்து விடுங்கள். ஒரு நிமிட வேலை.

அழுகல் எப்படித் தெரியும்? பூ முழுக்கப் பச்சையாக இருக்க, அதன் நடுவிலிருந்து ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி வாடி நிற்கும். மெல்ல இழுத்தால் தடையில்லாமல் கையோடு வரும். பூவை விரித்தால் உள்ளே தண்டு பழுப்பாகி, சாம்பல் நிறப் பஞ்சு படிந்திருக்கும். வெளியே தெரிவதற்குள் உள்ளே நாலைந்து நாள் ஓடியிருக்கும். ஆகவே செப்ரெம்பரில் தினமும் ஒவ்வொரு பெரிய பூவையும் பார்க்க வேண்டும். கண்டதும் முதலில் ஒரு பிளாஸ்ரிக் பையைப் பூவின் மேல் போட்டு, பிறகு நோய் தெரியும் இடத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் கீழே வெட்டுங்கள். பை இல்லாமல் வெட்டினால் ஆட்டத்தில் பறக்கும் வித்திகள் பக்கத்துப் பூக்களில் இறங்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை 70% அற்ககோலால் துடைக்க வேண்டும். வெட்டியது குப்பைக்குப் போகட்டும், கூட்டெருக் குவியலுக்கு வேண்டாம். "மற்றப் பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்று பாதிப் பூவை வைத்துக்கொள்வதும் கூடாது. பூஞ்சணம் படிந்ததை இழுத்தால் நுரையீரலுக்குள் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் அது உண்மையான ஆபத்து.

பல தடவை அழுகலுக்கு முன்னால் ஒரு புழு வந்து போயிருக்கும். ஒன்ராறியோவில் சோளத் துளைப்பான் அந்துப்பூச்சியின் புழு தண்டையும் பூவையும் துளைத்து உள்ளே கழிவைப் போட்டுவிடும். பூஞ்சணம் அதில் பிடிக்கும். பூவில் மிளகுத்தூள் போலக் கரும் துகள் கண்டால் புழுவைத் தேடுங்கள். பூ சிறியதாக இருக்கும்போதே புழுவைக் கொல்லும் பி.டி. குர்ஸ்ராக்கி பக்ரீரியாத் தெளிப்பைப் பயன்படுத்தலாம், கஞ்சாவுக்குப் பதிவு பெற்றது என்று அட்டையில் உள்ளதா பார்த்து. வெயில் அதைச் சிதைத்துவிடும் என்பதால் இது ஒன்றை மட்டும் மாலையில் தெளிக்க வேண்டும்.

வெண்தூள் நோய் வேறு கதை. அதற்குத் தண்ணீர்த் துளி தேவையில்லை, ஈர இரவும் உலர் பகலும் போதும். இலையில் மா தூவியதுபோல வட்டமாகத் தொடங்கும். இலைப் பருவத்தில் பொட்டாசியம் பைகாபனேற் தெளித்து அடக்கலாம், அட்டையில் சொன்ன அளவுப்படி, இலையின் இரண்டு பக்கமும் நனைய. வேப்பெண்ணெய் எங்களுக்கு எதற்கும் முதல் மருந்து. ஆனால் கனடாவில் அது பூச்சிகொல்லியாகப் பதிவு பெறவில்லை. தவிர, பூவில் படிந்த எண்ணெய் கழுவப் போகாது, எரித்து இழுக்கும்போது உள்ளே போகும். பூ வந்த பிறகு எந்த எண்ணெயும் வேண்டாம்.

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்குப் பிரச்சினை இரவில் இருக்கிறது. பகலில் ஈரப்பதன் மானியைப் பார்த்து 25 பாகை, 60% என்று திருப்திப்படுவார்கள். அந்தக் காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 1.9 கிலோபாஸ்கல். விளக்கு அணைந்து வெப்பநிலை 18 பாகைக்கு இறங்கினால், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியதே 2.06தான். ஒரு துளி நீரும் சேராமல் ஈரப்பதன் 92% ஆகிவிடும். அதற்கு மேல் ஈரச் சாடியும் செடியும் விடுவது வேறு. பகலில் 50% வைத்து, இரவை 20 பாகைக்குக் கீழே விடாமல் பார்த்தால் அதே கணக்கு 68%இல் நிற்கும். இரண்டு இலக்கத்தை மாற்றியதில் அழுகும் அறை அழுகாத அறையாகிறது. பூக்காலத்தில் பகல் 45 முதல் 50%, கடைசி இரண்டு வாரம் 40 முதல் 45%, பகல் இரவு வித்தியாசம் ஐந்து பாகைக்குள். நாற்றுப் பருவத்தில் 65 முதல் 75% இருந்தால் நல்லதுதான். அப்போது அழுக இறுக்கமான பூ இல்லை.

ஈரப்பதன் நீக்கி எவ்வளவு பெரியது வேண்டும் என்பதற்குத் தண்ணீர் வாளியைப் பாருங்கள். செடிக்கு ஊற்றும் நீரில் ஏறத்தாழ எல்லாமே ஆவியுயிர்ப்பாகக் காற்றுக்குத்தான் வருகிறது. நான்கு செடி, தலைக்கு நாளுக்கு இரண்டு லீற்றர் என்றால் எட்டு லீற்றரை இயந்திரம் திரும்ப எடுக்க வேண்டும், நிலவறையின் சொந்த ஈரத்துக்கும் சேர்த்து. கடையில் "30 பைன்ற்" என்று இருப்பது நாளுக்கு 14 லீற்றர். அது 60% ஈரக் காற்றில் அளந்தது. 45%க்கு இறக்கும்போது எடுக்கும் அளவு நன்றாகக் குறையும். அதனால் 50 பைன்ற் வாங்குங்கள், குழாயை நிலவடிகாலில் விடுங்கள். மேசையில் வைக்கும் சின்னப் பெல்ரியர் (மின்தகட்டால் குளிர்விக்கும்) பெட்டிகள் நாளுக்கு ஒரு கோப்பை எடுக்கும், காசுக்குக் கேடு. இயந்திரம் செடிகள் நிற்கும் வளர்ப்புக் கூடாரத்துக்கு வெளியே, கூடாரம் காற்றை இழுக்கும் அறையில் நிற்கட்டும். அது சூடும் விடும், உள்ளே வைத்தால் இன்னொரு தலையிடி. 1.2 மீற்றர் சதுரம், இரண்டு மீற்றர் உயரக் கூடாரத்தின் கொள்ளளவு 2.9 கனமீற்றர், நிமிடத்துக்கு ஒரு தடவை காற்று மாற மணிக்கு 175 கனமீற்றர் வேண்டும். மணத்தைப் பிடிக்கும் கரி வடிகட்டி கால்பங்கைத் தின்றுவிடும் என்பதால் 240க்குக் குறையாத விசிறி. இரவில் அதை நிறுத்த வேண்டாம். உள்ளே ஒரு சிறு விசிறி இலைகளுக்குக் கீழே, இன்னொன்று மேலே. இலை மெல்ல அசைந்தால் போதும்.

இத்தனை செலவும் வேண்டாம் என்பவர்களுக்கு: நவம்பரில் தொடங்கி மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். வெளியே மைனஸ் 10 பாகைக் காற்று முழு ஈரத்தோடு உள்ளே வந்தாலும் 20 பாகைக்குச் சூடானதும் அதன் ஈரப்பதன் வெறும் 11%. இந்த நாட்டின் குளிர்காலம் இலவசமாகத் தரும் ஒரே நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். யூலையில் நிலவறையில் இண்டிகாவைப் பூக்கவைத்து மின்கட்டணத்தைத் திட்டுவதில் நியாயமில்லை.

மானியைச் சோதிக்காமல் மேலே சொன்ன எதையும் நம்ப முடியாது. பத்து டொலர் மானிகள் பத்துச் சதவீதம் பிழை காட்டுவது சாதாரணம். போத்தல் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத பையில் பன்னிரண்டு மணித்தியாலம் வையுங்கள். உள்ளே சரியாக 75% இருக்கும். மானி 69 காட்டினால் அது எப்போதும் ஆறு குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். செடியின் உயரத்தில், பூக்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். சுவரில் மாட்டிய மானி சுவரின் கதையைத்தான் சொல்லும்.

வெட்டும் நாளுக்கு உருப்பெருக்கியால் பூவின் பிசின் துளிகளைப் பாருங்கள். கண்ணாடிபோல இருந்தால் பொறுக்கலாம். பெரும்பாலும் பால்வெள்ளையாகி பத்திலொன்று செம்பழுப்பானால் முதிர்ச்சி. வெளித் தோட்டத்தில் மூன்று நாள் மழை என்று வானிலை சொன்னால் செம்பழுப்புக்குக் காத்திருக்க வேண்டாம். பால்வெள்ளையிலேயே வெட்டுங்கள், மழைக்கு முன்னால். முழுச் செடியையும் ஒரே நாளில் எடுக்கத் தேவையில்லை. மேலே பருத்த பூக்களை முதலில் எடுத்தால் கீழுள்ளவைக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும்.

உலர்த்துவதில் யாழ்ப்பாணத்துப் புகையிலைக் குடிலின் பழக்கம் உதவாது; சூடும் புகையும் போட்டால் மணம் போய்விடும். இருட்டான அறை, 16 முதல் 20 பாகை, 55 முதல் 60% ஈரப்பதன், பத்து முதல் பதினாலு நாள். இண்டிகாவின் பருத்த பூவை முழுக்கிளையாகத் தொங்கவிட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். கையளவு துண்டுகளாகப் பிரித்து, அகல இலைகளைக் கழித்து, ஒன்றை ஒன்று தொடாமல் கட்டுங்கள். விசிறி சுவரைப் பார்த்து ஓடட்டும். 16 பாகையில் சில ஈரப்பதன் நீக்கிகளின் குழாயில் பனி கட்டி நின்றுவிடும்; தானே உருக்கிக்கொள்ளும் வசதி உள்ளதா பார்த்து வாங்குங்கள். சின்னக் காம்பு வளையாமல் சடக்கென்று முறிந்தால் ஆயிற்று. ஈர நிறையில் ஐந்திலொன்று, மிஞ்சினால் நாலிலொன்று மிஞ்சும்.

பிறகு கண்ணாடிப் போத்தலில் முக்கால் அளவுக்குப் போட்டு, சோதித்த சின்ன மானி ஒன்றையும் உள்ளே வைத்து மூடி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 58 முதல் 62 என்றால் மூடியே வைக்கலாம். ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும் ஐந்து நிமிடம் மட்டும் திறந்து விடுங்கள். 65ஐத் தாண்டினால் திறந்தபடி அரை நாள். 70 காட்டினால் எல்லாவற்றையும் வெளியே கொட்டித் தட்டில் பரப்பி இன்னும் ஒரு நாள் உலர்த்த வேண்டும். அமோனியா நெடி அடித்தால் மூக்கை நம்புங்கள், அந்தப் போத்தல் குப்பைக்கு. நல்ல போத்தல்கள் பூட்டிய அலுமாரியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில், வெட்டிய திகதி எழுதி ஒட்டியபடி இருக்கட்டும்.